044 இருக்கிறதா? பட்டம் முடித்தபின் எம்பிபிஎஸ் நினைக்கிறவர்களுக்கு

உங்கள் பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலை எடுத்து முன்னால் வைத்துக்கொள்ளுங்கள். சிபிஎஸ்இ பட்டியல் என்றால் ஒவ்வொரு பாடத்தின் பக்கத்திலும் மூன்று இலக்க எண் ஒன்று இருக்கும். 042 இயற்பியல், 043 வேதியியல், 044 உயிரியல். 041 கணிதம், 301 ஆங்கிலம், 106 தமிழ். இவற்றில் 044 இருக்கிறதா என்று பாருங்கள். பட்டம் முடித்த பிறகு டாக்டருக்குப் படிக்க முடியுமா என்ற கேள்விக்கு முதல் பதில் அந்த எண்தான். கல்லூரியில் நீங்கள் வாங்கிய சதவீதம் அதற்குப் பிறகுதான், அதுவும் பெரிதாக உதவாது.

இது மந்திர் மார்க் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களை மனதில் வைத்து எழுதுவது. பிர்லா மந்திர் இருக்கும் இந்தச் சாலையில்தான் டெல்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் பள்ளிகளில் ஒன்று இருக்கிறது. அங்கே படித்து, டெல்லிப் பல்கலைக்கழகக் கல்லூரி எதிலாவது பிஎஸ்சி முடித்து, இருபத்திரண்டு வயதில் "அப்போதே மெடிக்கல் முயன்றிருக்கலாம்" என்று நினைக்கிற பிள்ளைகள் ஒவ்வோர் ஆண்டும் இருக்கிறார்கள். கிழக்கே கொஞ்ச தூரத்தில் லேடி ஹார்டிஞ்ச் மருத்துவக் கல்லூரி, மறுபக்கம் ராம் மனோகர் லோகியா மருத்துவமனை. இரண்டிலும் எம்பிபிஎஸ் உண்டு. நடந்து போகிற தூரத்தில் கல்லூரி இருப்பதாலேயே ஆசை விடுவதில்லை.

பிஎஸ்சி கையில் இருக்கிறதே, நேராக இரண்டாம் ஆண்டில் சேர்த்துக்கொள்ள மாட்டார்களா? மாட்டார்கள். அமெரிக்காவில் முதலில் ஒரு பட்டம், அதன்பிறகு நான்கு ஆண்டு மருத்துவம் என்பதுதான் முறை. பட்டப்படிப்பில் அறிவியல் பாடங்கள் விட்டுப்போனவர்கள் அவற்றைத் தனியாகப் படித்துச் சேர்த்துக்கொள்ள அங்கே படிப்புகளே இருக்கின்றன. பிரிட்டனிலும் பட்டதாரிகளுக்கென்று நான்கு ஆண்டு மருத்துவப் படிப்பு சில பல்கலைக்கழகங்களில் உண்டு. இந்தியாவில் அப்படி எதுவும் இல்லை. பள்ளி முடித்த பதினெட்டு வயதுப் பிள்ளை எந்த வாசலில் நிற்கிறதோ, நீங்களும் அதே வாசலில்தான் நிற்க வேண்டும். அந்த வாசல் நீட் (இளநிலை மருத்துவப் படிப்புக்கான தேசிய நுழைவுத் தேர்வு). உள்ளே போனால் நான்கரை ஆண்டு படிப்பு, ஓராண்டு உள்ளிருப்புப் பயிற்சி (மருத்துவமனையில் கட்டாயமாகச் செய்யும் வேலைப் பயிற்சி). பட்டதாரி என்பதற்காக ஒரு மாதம்கூடக் குறையாது.

வயது போய்விட்டதே? வயது தடையில்லை. முன்பு பொதுப்பிரிவுக்கு 25, இட ஒதுக்கீட்டுப் பிரிவுகளுக்கு 30 என்று உச்ச வரம்பு இருந்தது. 2022 மார்ச்சில் தேசிய மருத்துவ ஆணையம் (மருத்துவக் கல்விக்கு விதி வகுக்கும் மத்திய அமைப்பு) அதை எடுத்துவிட்டது. எத்தனை முறை எழுதலாம் என்பதற்கும் வரம்பு இல்லை. 2022 ஜனவரியில் தருமபுரி மாவட்டத்துக்காரரான ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், 61 வயதில், நீட் எழுதித் தேறித் தமிழ்நாட்டுக் கலந்தாய்வுக்கே வந்தார். பிறகு, இளம்பிள்ளை ஒருவருக்குப் போகட்டும் என்று ஒதுங்கிக்கொண்டார். உங்கள் இருபத்திரண்டு ஒரு வயதே இல்லை. ஆனால் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்: ஓராண்டு தயாரிப்பு, ஐந்தரை ஆண்டு படிப்பு. கையெழுத்துப் போடும் டாக்டராகும்போது இருபத்தெட்டு, இருபத்தொன்பது ஆகிவிடும். மேற்படிப்பு அதற்கும் மேலே மூன்று ஆண்டு. இந்தக் காலம் முழுக்க வீட்டுக்குச் சம்பளம் வராமல் தாங்குமா என்பதை முதலில் வீட்டில் உட்கார்ந்து பேசுங்கள். அரசுக் கல்லூரிக் கட்டணத்தைவிடப் பெரிய செலவு இதுதான். பெரும்பாலோர் இதைக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை.

044 இல்லையென்றால்? பயப்பட வேண்டாம், வழி இருக்கிறது. இயற்பியல், வேதியியல், கணிதம், ஆங்கிலம், ஐந்தாவதாகத் தமிழ் என்று எடுத்தவர்கள் நம் பள்ளிகளில் நிறையப் பேர். அவர்கள் பிஎஸ்சி இயற்பியலோ வேதியியலோ படித்திருப்பார்கள். உயிரியல் பத்தாம் வகுப்போடு நின்றிருக்கும். முன்பு இவர்களுக்குக் கதவு மூடியிருந்தது. 2023 நவம்பரில் தேசிய மருத்துவ ஆணையம் அறிவிப்பு வெளியிட்டது: பன்னிரண்டாம் வகுப்பு தேறிய பிறகு உயிரியலையோ உயிர்த் தொழில்நுட்பத்தையோ கூடுதல் பாடமாக எழுதித் தேறியிருந்தாலும் நீட் எழுதலாம்.

அதை எங்கே எழுதுவது? தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனம், அதாவது எல்லோரும் நியோஸ் என்று சொல்வது. அதில் பகுதிச் சேர்க்கை என்று ஒரு முறை இருக்கிறது. முழுப் பன்னிரண்டாம் வகுப்பும் எழுத வேண்டியதில்லை, வேண்டிய ஒன்றிரண்டு பாடங்களை மட்டும் எடுக்கலாம், நான்கு வரைக்கும். உயிரியலின் எண் அங்கே 314. பொதுத்தேர்வு ஏப்ரல்-மேயிலும் அக்டோபர்-நவம்பரிலும் நடக்கும். செய்முறைத் தேர்வும் உண்டு, அதைத் தவறவிட்டால் பாடமே தேறாது. பிகாம் படித்தவர் என்றால் மூன்று அறிவியல் பாடங்களையும் எழுத வேண்டும். அதற்கும் விதி இடம் கொடுக்கிறது, ஆனால் உடம்பும் மனமும் இடம் கொடுக்கிறதா என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

"திறந்தநிலைப் பள்ளியில் எழுதினால் நீட்டில் ஒத்துக்கொள்ள மாட்டார்களாமே?" என்று யாராவது சொல்வார்கள். அது பழைய கதை. அந்தத் தடையை 2018-ல் டெல்லி உயர் நீதிமன்றம் நீக்கியது. 2024-ல் உச்ச நீதிமன்றத்திலும் அந்த வழக்கு முடிந்தது. சிபிஎஸ்இ-யிலேயே தனித்தேர்வராகக் கூடுதல் பாடம் எழுதுவது வேறு விஷயம். அதற்குக் காலவரம்பு உண்டு, விதியும் மாறிக்கொண்டே இருக்கிறது. பட்டமே முடித்துவிட்டவருக்கு நியோஸ்தான் நடைமுறைக்குச் சரிப்படும்.

இன்னொரு நிபந்தனை: இயற்பியல், வேதியியல், உயிரியல் மூன்றும் சேர்த்து பொதுப்பிரிவினருக்கு 50 சதவீதம், எஸ்சி, எஸ்டி, ஓபிசி பிரிவினருக்கு 40 சதவீதம் பன்னிரண்டாம் வகுப்பில் கேட்பது வழக்கம்; அந்த ஆண்டின் தகவல் கையேட்டில் சரிபார்த்துக்கொள்ளுங்கள். பிஎஸ்சியில் தங்கப் பதக்கம் வாங்கியிருந்தாலும் பள்ளி மதிப்பெண்தான் இங்கே கேட்கப்படும்.

சரி, நீட்டில் எவ்வளவு வாங்கினால் போதும்? "தகுதி பெற்றாள்" என்ற சொல்லை வைத்து ஊரில் இனிப்பு கொடுப்பதற்கு முன் இதைப் படியுங்கள். தேர்வு 180 கேள்வி, 720 மதிப்பெண். சரியான விடைக்கு 4, தவறுக்கு 1 கழிவு. 2025-ல் பொதுப்பிரிவில் தகுதி பெற 144 போதுமாக இருந்தது. தேர்வு எழுதிய 22 லட்சத்துக்கும் மேற்பட்டோரில் 12 லட்சத்துக்கும் மேற்பட்டோர் தகுதி பெற்றார்கள். நாட்டில் எம்பிபிஎஸ் இடங்கள் ஏறத்தாழ 1.2 லட்சம், அதிலும் அரசுக் கல்லூரி இடங்கள் சுமார் பாதிதான். ஆகவே 144 என்பது பணம் கொட்டித் தனியார் கல்லூரியில் சேரவோ வெளிநாடு போகவோ ஒரு சீட்டு, அவ்வளவே. குறைந்த செலவில் படிக்க வேண்டுமென்றால் அரசு இடம் கிடைக்கும் மதிப்பெண்ணைத்தான் குறிவைக்க வேண்டும். அது ஆண்டுக்கு ஆண்டு, பிரிவுக்குப் பிரிவு, மாநிலத்துக்கு மாநிலம் மாறும். மருத்துவக் கலந்தாய்வுக் குழு (அகில இந்திய இடங்களைப் பங்கிடும் மத்திய அமைப்பு) ஒவ்வொரு சுற்றின் ஒதுக்கீட்டுப் பட்டியலையும் இணையத்தில் போடுகிறது. கடைசி இரண்டு ஆண்டுப் பட்டியலைத் திறந்து, உங்கள் பிரிவில் கடைசியாக இடம் கிடைத்தவரின் தரவரிசையைக் குறித்துக்கொள்ளுங்கள். கோச்சிங் சென்டர்காரர் சொல்லும் எண்ணைவிட அது நம்பத்தக்கது.

இந்த இடத்தில் டெல்லித் தமிழர்களுக்கென்றே ஒரு சிக்கல் இருக்கிறது. அரசுக் கல்லூரி இடங்களில் 15 சதவீதம் அகில இந்திய ஒதுக்கீடு, 85 சதவீதம் அந்தந்த மாநிலத்துக்கு. நீங்கள் எந்த மாநிலம்?

டெல்லிப் பல்கலைக்கழகத்தோடு இணைந்த மௌலானா ஆசாத், லேடி ஹார்டிஞ்ச் (இது பெண்களுக்கு மட்டும்), யுசிஎம்எஸ் ஆகிய மூன்று மருத்துவக் கல்லூரிகளிலும் 85 சதவீத இடங்களுக்கு, பதினொன்றும் பன்னிரண்டும் டெல்லியில் உள்ள பள்ளியில் முறையாகப் படித்திருக்க வேண்டும். சொந்த ஊர் எது, வீட்டில் என்ன மொழி என்பதெல்லாம் கேள்வியில்லை. ஆக மந்திர் மார்க் பள்ளியிலேயே மேல்நிலை படித்த திருநெல்வேலிக் குடும்பத்துப் பெண் டெல்லி ஒதுக்கீட்டுக்கு உரியவள். இது பெரிய சொத்து. டெல்லியில் போட்டியும் கடுமை, ஆனாலும் அகில இந்தியக் கூட்டத்தோடு மோதுவதைவிட மேல். ஒரு எச்சரிக்கை: உயிரியலை மட்டும் நியோஸில் எழுதியவர், டெல்லி ஒதுக்கீட்டில் தம்மைச் சேர்ப்பார்களா என்பதை அந்த ஆண்டின் கலந்தாய்வுக் கையேட்டில் வரிவரியாகப் பார்க்க வேண்டும். வாய்மொழி பதிலை நம்பாமல் மின்னஞ்சலில் கேட்டு எழுத்தில் வாங்குங்கள்.

தமிழ்நாட்டு ஒதுக்கீட்டுக்கு முயலலாமா? ஆறு முதல் பன்னிரண்டு வரை தமிழ்நாட்டிலேயே படித்தவர்களுக்குச் சிக்கல் இல்லை. வெளிமாநிலத்தில் படித்த தமிழ்நாட்டுக்காரர்கள் இருப்பிடச் சான்றிதழும் பெற்றோர் அங்கே படித்த, பிறந்த ஆவணங்களும் காட்ட வேண்டும். அப்பா, அம்மாவின் பழைய பள்ளிச் சான்றுகள் ஊரில் எந்தப் பரணில் கிடக்கின்றன என்று இப்போதே தேடச் சொல்லுங்கள். ஒரே சமயத்தில் இரண்டு மாநிலத்துக்கும் சொந்தக்காரர் என்று விண்ணப்பிக்க முடியாது. பின்னால் கண்டுபிடித்தால் இடமே போகும். அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீடு தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் படித்தவர்களுக்கு மட்டும். நம் பிள்ளைகளுக்கு அது கிடையாது.

சாதிச் சான்றிதழிலும் இதே கதைதான். ஊரிலிருந்து வாங்கிய பிற்படுத்தப்பட்டோர் சான்றிதழ் தமிழ்நாட்டு ஒதுக்கீட்டுக்குத்தான் செல்லும். அகில இந்திய இடங்களுக்கு மத்திய அரசுப் பட்டியல்படி, மத்திய அரசு வடிவத்தில், கிரீமி லேயரில் வராதவர் (வருமானத்தால் சலுகை இழக்காதவர்) என்று காட்டும் ஓபிசி சான்றிதழ், செல்லுபடியாகும் தேதியோடு வேண்டும். மதிப்பெண் இருந்தும் இந்த ஒரு தாளால் பொதுப்பிரிவுக்குத் தள்ளப்பட்டவர்கள் உண்டு.

செலவுக்கு வருவோம். எய்ம்ஸ் டெல்லியில் படிப்பு முழுவதற்குமான கல்விக் கட்டணமே பத்தாயிரம் ரூபாய்க்குள் அடங்கிவிடும். மற்ற மத்திய, மாநில அரசுக் கல்லூரிகளில் பலவற்றில் ஆண்டுக்குச் சில ஆயிரங்கள்; விடுதியும் சாப்பாடும் தனி. தமிழ்நாட்டுத் தனியார் கல்லூரியில் அரசு ஒதுக்கீட்டு இடம் என்றால் ஆண்டுக்கு நான்கு லட்சத்துக்கு மேல். நிர்வாக ஒதுக்கீடு பதின்மூன்று லட்சத்துக்கு மேல். நிகர்நிலைப் பல்கலைக்கழகம் (தனியார் நடத்தும், பல்கலைக்கழகத் தகுதி பெற்ற நிறுவனம்) என்றால் இருபது லட்சத்தைத் தாண்டுவது சாதாரணம், அதுவும் ஆண்டுக்கு. ஆக நூறு மதிப்பெண் வித்தியாசம் ஒரு வீட்டின் விலை. இதனால்தான் சொல்கிறேன்: கையில் இருக்கும் பணத்தையும் பொழுதையும் கல்லூரிக்கு ஒதுக்குவதைவிட மதிப்பெண்ணை ஏற்றுவதற்கு ஒதுக்குங்கள்.

அப்படியென்றால் பெரிய கோச்சிங்கில் சேர வேண்டுமா? கரோல் பாக் பக்கம் நடந்தால் 'டிராப்பர் பேட்ச்' (ஓராண்டு வேறெதுவும் செய்யாமல் மறுபடி எழுதுகிறவர்களுக்கான வகுப்பு) பலகைகளுக்குப் பஞ்சமில்லை. கட்டணம் லட்சத்தைத் தாண்டும். பள்ளிப் பிள்ளைக்கு அது ஓரளவு தேவைப்படலாம். மூன்று ஆண்டு தானே படித்துத் தேறிய பட்டதாரிக்கு முழு வகுப்பு தேவையில்லை என்பது என் கருத்து. என்சிஇஆர்டி பாடநூல்கள் பதினொன்று, பன்னிரண்டு இரண்டும் இணையத்தில் இலவசம். அச்சுப் பிரதி பழைய டெல்லியின் புத்தகக் கடைத்தெருவான நயி சடக்கில் பழைய புத்தக விலைக்கே கிடைக்கும். கல்வி அமைச்சகத்துக்காக ஐஐடி கான்பூர் நடத்தும் சாதீ என்ற தளத்தில் நீட் வகுப்புகளும் மாதிரித் தேர்வுகளும் இலவசம். பணம் செலவழிக்கத்தான் வேண்டும் என்றால் டெஸ்ட் சீரீஸுக்குச் (தொடர் மாதிரித் தேர்வுகள்) செலவழியுங்கள். கூடவே இயற்பியலுக்கு மட்டும் ஒரு நல்ல ஆசிரியர்.

ஏன் இயற்பியல்? தாவரவியல், விலங்கியல், உயிர்வேதியியல் படித்தவர்களைத் தடுக்கிவிடுவது பெரும்பாலும் அதுதான். உயிரியல் 90 கேள்வி, 360 மதிப்பெண். அதில் நீங்கள் முன்னால் இருப்பீர்கள். ஆனால் இயற்பியலின் 45 கேள்விகள் நேரத்தைத் தின்றுவிடும்: 180 நிமிடத்தில் 180 கேள்வி, ஒன்றுக்கு ஒரு நிமிடம்தான். 2025-ல் மீண்டும் இந்த அளவு வந்தது. 2021 முதல் 2024 வரையிலான வினாத்தாள்களில் சில கேள்விகளை விட்டுவிடும் வசதி இருந்தது, அதனால் அவற்றை வைத்துப் பயிற்சி செய்யும்போது நேரக் கணக்கை மாற்றிக்கொள்ளுங்கள். உயிரியலிலும் ஒரு பொறி உண்டு. கல்லூரியில் ஆழமாகப் படித்ததால், பாடநூல் சொல்லும் விடை உங்களுக்கு அரைகுறையாகத் தோன்றும்; நீங்கள் அதிகம் யோசித்து வேறொன்றைக் குறிப்பீர்கள். விடைக்குறிப்பு பாடநூல் பக்கம்தான் நிற்கும். தெரிந்ததை ஒரு வருடம் மறந்துவிட்டு, என்சிஇஆர்டி வரியை அப்படியே பிடித்துக்கொள்ளுங்கள்.

தமிழில் எழுதலாமா? நீட் 13 மொழிகளில் நடக்கிறது, தமிழும் உண்டு. ஆனால் வட்டார மொழி வினாத்தாள் அந்தந்த மாநில மையங்களில்தான். டெல்லி மையத்தில் ஆங்கிலம், இந்தி, உருதுதான் கிடைக்கும்.

வேலையை விட வேண்டுமா? முதல் மூன்று மாதம் விடாதீர்கள். டியூஷன் எடுப்பது, ஆய்வகத்தில் உதவியாளர் வேலை, எதுவாக இருந்தாலும் வைத்துக்கொண்டே காலை இரண்டு மணிநேரம், இரவு இரண்டு மணிநேரம் படித்துப் பாருங்கள். மூன்று மாத முடிவில் முழு மாதிரித் தேர்வு ஒன்றை மூன்று மணிநேரம் எழுந்திருக்காமல் எழுதுங்கள். அரசு இடத்தின் மதிப்பெண்ணுக்குக் கை எட்டுகிற தூரம் தெரிந்தால் மீதி மாதங்களுக்கு விடுப்போ ராஜினாமாவோ யோசிக்கலாம். தெரியாவிட்டால் சம்பளமாவது மிஞ்சும்.

வெளிநாடு மலிவு என்கிறார்களே? "நீட்டில் பாஸ் போதும் ஆன்ட்டி, இருபத்தைந்து லட்சத்தில் மொத்தமாக முடிந்துவிடும்" என்று முகவர் உங்கள் அம்மாவிடம் வந்து சொல்வார். 2021 நவம்பர் விதிகளை அவர் சொல்ல மாட்டார். அங்கே குறைந்தது 54 மாதப் படிப்பு, ஆங்கில வழியில். அதே நிறுவனத்தில் 12 மாதப் பயிற்சி. இந்தியா திரும்பி வெளிநாட்டு மருத்துவப் பட்டதாரிகள் தேர்வு. அதன்பின் இங்கே மறுபடி 12 மாதப் பயிற்சி. சேர்ந்த நாளிலிருந்து எல்லாம் பத்து ஆண்டுக்குள். அந்தத் தேர்வில் 300 கேள்விக்கு 150 சரியாக வேண்டும். பல முறை நான்கில் ஒருவர்கூடத் தேறவில்லை. இருபத்து மூன்று வயதில் கிளம்புகிற உங்களுக்கு இந்தக் கணக்கில் முப்பது தாண்டும், கடன் வட்டியும் கூடவே வளரும். மலிவு என்ற சொல்லை நம்பி இதில் இறங்குவது ஆழம் தெரியாமல் காலை விடுவது. போகத்தான் வேண்டும் என்றால், அந்தக் கல்லூரியில் படித்துத் திரும்பி இங்கே பதிவு பெற்றவர்கள் இரண்டு பேரையாவது நேரில் பார்த்துப் பேசிய பிறகு முன்பணம் கொடுங்கள்.

கல்விக் கடன்? இடம் கிடைத்த பின்தான். பிஎம் வித்யாலட்சுமி திட்டம் 2024 நவம்பரில் வந்தது. பட்டியலில் உள்ள தரமான நிறுவனங்களில் தகுதி அடிப்படையில் இடம் பெற்றவர்களுக்கு ஜாமீனும் அடமானமும் இல்லாமல் கடன். குடும்ப வருமானம் எட்டு லட்சம் வரை இருந்தால் பத்து லட்சம் வரையான கடனுக்கு 3 சதவீத வட்டிச் சலுகை. கோச்சிங்குக்கு இது உதவாது. அதற்கென்று தனிநபர் கடன் எடுக்கவே எடுக்காதீர்கள்.

எத்தனை முறை முயல்வது? விதியில் வரம்பு இல்லை என்பதாலேயே நீங்கள் ஒன்றை வைத்துக்கொள்ள வேண்டும். பட்டதாரிக்கு இரண்டு போதும். முதல் முறை மதிப்பெண்ணைவிட இரண்டாவது முறை தெளிவாக ஏறவில்லை என்றால் மூன்றாவது ஆண்டை அதற்குக் கொடுக்காதீர்கள். மருத்துவமனையில் டாக்டர் மட்டும் வேலை செய்வதில்லை. பிஎஸ்சி இயற்பியலுக்குப் பிறகு மருத்துவ இயற்பியல் (கதிர்வீச்சு சிகிச்சைக் கருவிகளை அளந்து பாதுகாக்கும் துறை) எம்எஸ்சி அண்ணா பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. எய்ம்ஸ் டெல்லியிலேயே பட்டதாரிகளுக்கு உயிர்த் தொழில்நுட்பத்தில் முதுநிலை உண்டு. பொதுச் சுகாதாரம் (நோய் பரவலையும் தடுப்பையும் ஊர் அளவில் கவனிக்கும் துறை) முதுநிலையும் பட்டத்தின் மேல் படிப்பது. இவற்றின் நுழைவுத் தேர்வுகளை நீட்டுக்குப் படிக்கும் அதே ஆண்டிலேயே எழுதுங்கள். இவற்றில் மட்டும்தான் உங்கள் பிஎஸ்சி ஒரு படி மேலே நிற்கும்.

நீட் விண்ணப்பம் வழக்கமாகப் பிப்ரவரியில் திறந்து மார்ச்சில் மூடும், தேர்வு மே முதல் வாரத்தில். 2025-ல் கட்டணம் பொதுப்பிரிவுக்கு 1,700 ரூபாய், ஓபிசிக்கு 1,600, எஸ்சி, எஸ்டிக்கு 1,000. உயிரியல் இல்லாதவர் அதற்கு முன்னால் அக்டோபர்-நவம்பர் நியோஸ் தேர்வை முடித்துவிடுவது நல்லது. நியோஸ் சேர்க்கைக்கு அதற்கும் பல மாதங்கள் முன்பே பணம் கட்டியாக வேண்டும். ஆகவே 044 இல்லாத பட்டியலை வைத்திருப்பவர் அடுத்த மே மாதத்தைப் பார்க்காமல் அதற்கு அடுத்த மே மாதத்துக்குத் திட்டமிடுங்கள். இடையிலுள்ள ஓராண்டில் சம்பாதித்துக்கொள்ளலாம்.